கம்பளித் துணியில் ஓட்டை: பாச்சை உருண்டை இல்லாமல் என்ன வழி?

கோத்தகிரிக்காரி:
மழைக்காலம் முடிஞ்சு பீரோவைத் திறந்தா ரெண்டு ஸ்வெட்டரிலும் ஒரு கம்பளியிலும் பொடி ஓட்டை. வேப்பிலை, வசம்பு எல்லாம் போட்டுத்தான் வச்சிருந்தேன். வீட்டில் கைக்குழந்தை இருக்கு, அதனால் பாச்சை உருண்டை வேண்டாம். தோடர் சால்வையும் அதே தட்டில் இருக்கு, அதுக்கும் ஆபத்தா?

மலையடி:
வசம்பு வாசனை அந்துப்பூச்சியைக் கொஞ்சம் விலக்கும், அவ்வளவுதான். ஏற்கெனவே மடிப்புக்குள் இருக்கும் முட்டையையும் புழுவையும் கொல்லாது. துணியைத் தின்பது புழு. பறக்கிற பூச்சிக்குத் தின்கிற வாயே கிடையாது. வியர்வையும் எண்ணெய்ப் பிசுக்கும் படிஞ்ச இடத்தைத்தான் புழு முதலில் பிடிக்கும். கழுத்துப்பட்டி, அக்குளைப் பாருங்க.

முதலில் எல்லாத்தையும் வெளியே எடுத்து உதறி, தையல் ஓரங்களை பிரஷ்ஷால் தேய்ங்க. குளிர்ந்த தண்ணியில் பூந்திக்கொட்டைச் சாறு விட்டு அலசி, முறுக்காமல் படுக்கப் போட்டு உலர்த்துங்க. பீரோ மூலை, பலகை இடுக்கையும் வாக்குவம் பண்ணணும். அதை விட்டா மறுபடி வரும்.

நம்ம ஊர் வெயிலை மட்டும் நம்பாதீங்க. ஜனவரியில் பளிச்சுன்னு அடிச்சாலும் முட்டை சாகும் அளவுக்குத் துணி சூடாகாது.

குன்னூர் மணி:
வெயில் பத்தாத ஊருக்கு ஃப்ரீசர்தான். நல்லா உலர்ந்த துணியை பாலித்தீன் பையில் காற்றை அழுத்தி எடுத்து, இறுக்கிக் கட்டி, மைனஸ் 18 டிகிரியில் ஒரு வாரம். மூணு நாள் போதும்னு சொல்வாங்க, ஆனா தடிச்ச கம்பளியின் நடுவரை குளிர் இறங்க நேரமாகும். சின்ன ஃப்ரிட்ஜின் ஐஸ் பெட்டி அந்தக் குளிருக்கு வராது. எடுத்ததும் பையைப் பிரிக்காதீங்க, துணியில் நீர் கோத்துக்கும். அறைச் சூட்டுக்கு வந்தப்புறம் பிரிங்க.

பிறகு இறுக்கமா மூடும் டப்பாவிலோ டிரங்குப் பெட்டியிலோ வைங்க. வசம்பை ஒண்ணிரண்டா இடிச்சு மல் துணியில் முடிஞ்சு போடலாம், ரெண்டு மாசத்துக்கு ஒருமுறை மாத்தணும். குழந்தை வாயில் வைக்காத இடமா இருக்கட்டும். வேப்பிலை முழுசா காயலேன்னா பூஞ்சணம்தான் மிச்சம்.

பர்லியார்:
நீலகிரித் தைலத்தைத் துணியில் நேரா தெளிக்காதீங்க, கறை படியலாம். பஞ்சில் நனைச்சு, ஓட்டை போட்ட டப்பியில் வைங்க. குழந்தை இருக்கும் வீட்டில் கற்பூரமும் வேண்டாம். ஜி6பிடி குறைபாடு (ரத்தச் சிவப்பணு எளிதில் உடையும் பிறவிக் கோளாறு) உள்ள குழந்தைக்குப் பாச்சை உருண்டை மாதிரியே அதுவும் கெடுதல்.

தோடர் சால்வையின் துணி பருத்தி. எம்பிராய்டரி நூலும் கம்பளி இல்லாம, சுத்தமா இருந்தா அந்துப்பூச்சி தொடாது. அதுக்கு எதிரி ராமபாணப் பூச்சியும் ஈரமும்தான். கஞ்சி போடாம துவைச்சு, எம்பிராய்டரி உள்பக்கம் வர மடிச்சு, கம்பளியிலிருந்து தனியா வைங்க.