ஆச்சியின் கம்பளி, சேச்சியின் கடை

செண்டுவாரைப் பேத்தி:

மூணாறில் பிறந்த எனக்குக் குளிருக்குத் துணி வாங்குவது என்றால் ஒரே முறைதான் தெரியும். மார்கழி நெருங்கும்போது சாலையோரக் கடையில் பழுப்பு ஸ்வெட்டர் ஒன்று, குரங்குக் குல்லா ஒன்று. நிறத்தைப் பற்றிப் பேச்சே எழாது. அழுக்கு தெரியக்கூடாது, அவ்வளவுதான்.

அப்படி வளர்ந்தவள் போன ஜனவரியில் டவுனுக்குச் சற்று வெளியே இருக்கும் ஒரு பொட்டிக்குக்குள், அதாவது புதுப்பாணித் துணிக்கடைக்குள், நுழைந்தேன். மழைக்கு ஒதுங்கினேன் என்று சொல்ல ஆசைதான், ஆனால் ஜனவரியில் ஏது மழை? கண்ணாடிக்குப் பின்னால் தொங்கிய கடுகு மஞ்சள் கோட்டு இழுத்தது, போனேன். வீட்டின் முன்னறைதான் கடை. நடத்தும் சேச்சி மிலானில் முதியவர்களைக் கவனிக்கும் வேலையில் பதினொரு வருடம் இருந்துவிட்டுத் திரும்பியவர். அங்கே பழக்கமான இரண்டு மூன்று சிறிய வடிவமைப்பாளர்களிடம் மிச்சம் விழுவதை வாங்கி வருகிறார். சிலவற்றைத் தானே வெட்டுகிறார்.

'இந்த ஊரில் யார் இதை வாங்குவார்கள்?' என்று கேட்டேன். அவர் ஒரு கணக்குச் சொன்னார். ஐரோப்பாவில் இலையுதிர்காலம், குளிர்காலம் இரண்டுக்குமான வரிசையைப் பிப்ரவரி, மார்ச்சிலேயே மேடையேற்றிவிடுவார்கள். ஆகஸ்ட் வாக்கில் கடைக்கு வரும். ஜனவரியில் தள்ளுபடி. நமக்கோ ஆகஸ்டில் மழை கொட்டும்; குளிர் உச்சத்துக்குப் போவதே ஜனவரியில்தான். 'அவர்கள் கழிக்கும்போது நமக்கு உடுத்தும் காலம்' என்றார். இதைவிட நல்ல வியாபாரக் காரணம் நான் கேட்டதில்லை.

இரண்டு காலர் வைத்த கோட்டு, ரஜாய் போலப் பஞ்சு வைத்துத் தைத்த பாவாடை, சிவப்பும் ஊதாவும் சண்டை போடும் கட்டம் போட்ட சட்டை. எதுவும் அடங்கி நிற்கும் துணி இல்லை. நான் நின்றது ஒரு கறுப்பு மேலங்கியின் முன்னால். கை கிடையாது, தோளிலிருந்து முழங்கால் வரை தொங்கும். கேப் என்கிறார்கள். உள்துணி பளிச்சென்று ஆரஞ்சு. தோளில் போட்டதும் கனம் இறங்கியது. ஆல்ப்ஸ் மலையில், டிரோல் பக்கம், லோடன் என்று ஒரு துணி உண்டாம். கம்பளியை நெய்தபின் நனைத்து அடித்து அடித்து இழைகளை ஒன்றோடொன்று சிக்கவைப்பார்கள். காற்று நுழையாது, தூறல் இறங்காது. இது அந்த வகை. கம்பளி தன் எடையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு ஈரத்தை வாங்கிக்கொண்டாலும் தொட்டால் நனைந்ததாகத் தோன்றாது என்றும் சொன்னார்.

விலைச் சீட்டில் 16,000. பேசிப் பேசி 9,500, இரண்டு தவணை.

வீட்டுக்கு வந்தால் ஆச்சி அதை விரலால் நிமிண்டிப் பார்த்தாள். 'இது கம்பளிதானே?' என்றாள். 'எஸ்டேட்டில் எங்களுக்குக் கொடுத்தது. கொங்காணி மடித்துத் தலையில் போட்டுக்கொண்டு கொழுந்து எடுப்போம். நாறும்.' எவ்வளவு என்று கேட்டாள். 900 என்று பொய் சொன்னேன். அதற்கே ஏமாந்துவிட்டாய் என்றாள்.

பிறகு திருப்பிப் போட்டு ஆரஞ்சைப் பார்த்தாள். வெகுநேரம் சிரித்தாள். 'இந்த நிறத்தை உடுத்தியிருந்தால் நாங்கள் எந்தச் செடிக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறோம் என்று கங்காணி மலைக்கு அந்தப் பக்கமிருந்தே கண்டுபிடித்திருப்பான்.'

எங்கள் வீட்டில் எல்லாமே ஏன் பழுப்பு என்று அன்றைக்குத்தான் யோசித்தேன். இந்த மாதிரிக் கடைகளில் உங்களுக்கு நடந்ததையும் எழுதுங்களேன்.

குமுளி காஜா:

தங்கச்சி, நான் தையல்காரன். முப்பது வருடமாகக் குமுளியில் தைக்கிறேன். இப்படிப்பட்ட ஒரு கடைக்கு அளவு திருத்தும் வேலை எனக்குத்தான் வரும். கை நீளத்தைக் குறைப்பது, இடுப்பைப் பிடிப்பது, காஜா எடுப்பது.

மூன்று வருடத்துக்கு முன்பு ஒரு கறுப்பு ஸ்வெட்டர் வந்தது. 'கை மட்டும் இரண்டு அங்குலம் குறைக்கவும்' என்று சீட்டு. பிரித்துப் பார்த்தால் முன்பக்கம் ஐந்து ஓட்டை, முதுகில் இரண்டு. எலி கடித்ததோ பூச்சி அரித்ததோ, பாவம், கடைக்காரம்மா கவனிக்கவில்லை என்று நினைத்தேன். அதே நிறத்தில் நூல் தேடிக் கம்பம் வரை போனேன். இரவு உட்கார்ந்து இழைக்கு இழை பின்னி ஏழையும் அடைத்தேன். வேலை அப்படி வந்தது, விளக்கில் பிடித்தாலும் அடைத்த இடம் தெரியாது. கூலி கேட்கவில்லை. நல்ல பெயர் கிடைக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

மறுநாள் அந்த அம்மா வந்து எடுத்துப் பார்த்தார். முகம் வெளுத்துவிட்டது. ஓட்டைதான் அந்த ஸ்வெட்டரின் விலையே என்று அப்புறம்தான் தெரிந்தது. ஜப்பானில் ரெய் கவாகுபோ என்று ஒரு பெண்மணி 1982 வாக்கில் இதைத் தொடங்கிவைத்தாராம். துணி குறையில்லாமல் வருவது பிடிக்காமல், இயந்திரத்தின் திருகாணியை அங்கங்கே தளர்த்தி ஓட்டை விழ வைத்தாராம். நம் சரக்கு அவர் செய்ததில்லை, அந்த வழியில் யாரோ செய்தது.

என்ன செய்வது, அடைத்ததைப் பிரிக்க உட்கார்ந்தேன். அடைக்க ஒரு இரவு ஆனது, பிரிக்க மூன்று நாள். ஓட்டையின் ஓரம் கிழியாமல், முன்பிருந்த அதே கோணலோடு திரும்பக் கொண்டுவருவது இருக்கிறதே, என் தொழிலில் அதைவிடக் கடினமான வேலை செய்ததில்லை. அதற்கும் கூலி வாங்கவில்லை. இப்போது எந்தத் துணி வந்தாலும் முதலில் போன் செய்து 'இந்தக் கிழிசல் கிழிசல்தானா?' என்று கேட்டுக்கொள்கிறேன்.

கொழிஞ்சாம்பாறைக்காரன்:

அண்ணாச்சி, உங்கள் ஊரில்தான் எனக்கும் நடந்தது. பாலக்காட்டுப் பக்கம் கணவாய்க் காற்று உண்டே தவிர கோட்டுக்கு வேண்டிய குளிர் கிடையாது. அதனால் குமுளிக்குப் போகும்போதே அணிந்துவிடுவோம் என்று கொச்சியில் வாங்கிய கறுப்பு நீள ஜாக்கெட், அதே கறுப்பில் தொளதொள கால்சட்டை, கழுத்தில் மர மணி வைத்த மாலை. மாலையும் அந்தக் கடையில் கொடுத்ததுதான். தாடியும் இருந்தது. நான் யோசிக்காமல் விட்டது மாதத்தை. கார்த்திகை இரண்டாம் தேதி.

பஸ்ஸில் ஏறியதும் ஒருவர் எழுந்து இடம் கொடுத்தார். குமுளியில் டீக்கடைக்குள் போனால் 'வாங்க சாமி'. ஒரு ஆம்லேட் கேட்டேன். கடையே திரும்பிப் பார்த்தது. 'மாலை போட்டுக்கொண்டு முட்டையா?' என்றார் கல்லாவில் இருந்த பெரியவர். இது பேஷன் துணி என்று விளக்க வாயெடுத்தேன். சுற்றிலும் உண்மையான சாமிகள் பத்துப் பேர் உட்கார்ந்திருந்தார்கள். இரண்டு இட்லியும் கட்டஞ்சாயாவும் சாப்பிட்டேன். காசு வாங்க மறுத்துவிட்டார். அந்த இரண்டு இட்லிக்கடன் இன்னும் என் மனசாட்சியில் இருக்கிறது.

தேவிகுளம் பழைய ஆள்:

சிரிப்பாகத்தான் இருக்கிறது. ஆனால் 9,500 என்ற இடத்தில் எனக்கு இடித்தது. 2015 செப்டம்பரில் பெம்பிளை ஒருமை என்று நம் தோட்டத்துப் பெண்கள் போனஸும் கூலி உயர்வும் கேட்டுச் சாலையில் உட்கார்ந்தபோது நாள் கூலி 232 ரூபாய். அதையும் சேர்த்து எழுதியிருக்கலாம் பாப்பா. இன்னொன்று, ஆடி மழையில் அந்தத் துணிக்குப் பூஞ்சை பிடிக்காதா?

செண்டுவாரைப் பேத்தி:

மாமா, அந்தச் சாலையில் என் அம்மாவும் உட்கார்ந்திருந்தாள். கணக்குப் போட்டுத்தான் பார்த்தேன். அன்றைய கூலியில் 41 நாள் கொழுந்து. கொழிஞ்சாம்பாறைத் தம்பி, உங்கள் சாமிகளின் விரதக் கணக்கில் ஒரு மண்டலம். சரி என்றும் சொல்லமாட்டேன், தப்பு என்றும் சொல்லமாட்டேன். நான் பள்ளிக்கூடத்தில் சம்பளம் வாங்குகிறேன், ஒரு தடவை வாங்கிவிட்டேன். அம்மாவிடம் மட்டும் உண்மை விலையைச் சொன்னேன். அவள் கேப்பை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு, கண்ணாடி முன் ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் மாட்டிவைத்தாள்.

பூஞ்சை பிடிக்கும். முதல் மழைக்காலத்திலேயே உள்துணியில் வெள்ளைப் புள்ளி வந்துவிட்டது. சலவைக்குக் கொடுக்கப் பயம், தெரிந்தவர் ஒருவரின் கம்பளிக் கோட்டைச் சுடுநீரில் போட்டுக் குழந்தைச் சட்டையாக்கித் திருப்பிக் கொடுத்த கதை கேட்டிருக்கிறேன். பீரோவை விட்டு வெளியே எடுத்து, அடுப்படிச் சுவருக்கு அந்தப் பக்கம், சூடு தட்டும் இடத்தில் மாட்டினேன். பிரஷ்ஷால் தட்டுவேன். வேர்வைக் கறை இருந்தால் பூச்சி அங்கேதான் முட்டையிடும் என்று சேச்சி எச்சரித்தார். அதனால் துடைத்துக் காயவைத்துத்தான் மடிப்பேன். பையில் வசம்பு. அந்துருண்டை வாசனை ஆச்சிக்கு ஆகாது.

இந்த மாதம் புல்லெல்லாம் உறைபனி. மூன்று நாளாகக் கேப் என்னிடம் இல்லை. ஆச்சி அதைக் கொங்காணி மடித்துப் போட்டுக்கொண்டு வாசலில் வெயிலுக்கு உட்கார்கிறாள். ஒரே குறை, தலையில் நிற்காமல் வழுக்குகிறதாம், கம்பளி என்றால் நிற்கவேண்டுமாம். குமுளி அண்ணாச்சி, கழுத்தருகே கட்டிக்கொள்ள இரண்டு கயிறு வைத்துத் தரமுடியுமா? அதில் ஓட்டை எதுவும் கிடையாது, நன்றாகப் பார்த்துவிட்டேன்.