மொரீஷியஸ் வங்கிகளில் நமக்கு நடந்தவை: கணக்கு திறப்பதிலிருந்து ஊர் திரும்பும் வரை

எபெனிலிருந்து, கம்பெனி நிர்வாகப் பணியில் இருப்பவர்:

மொரீஷியஸில் வங்கிக் கணக்கு என்றாலே, கேள்வி கேட்காமல் பணத்தை வாங்கி உள்ளே பூட்டி வைத்துவிடுவார்கள் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். எபென் சைபர்சிட்டியில் ஒரு மேனேஜ்மென்ட் கம்பெனியில் வேலை பார்க்கிறேன். வெளிநாட்டு முதலீட்டாளர்கள் இந்தத் தீவில் பதிவு செய்யும் கம்பெனிகளுக்குக் கணக்கு எழுதுவது, வரி தாக்கல் செய்வது, வங்கிக் கணக்கு திறந்து கொடுப்பது எல்லாம் எங்கள் வேலை. நான் பார்த்தவரை, இங்கே வங்கி முதலில் செய்வதே கேள்வி கேட்பதுதான். பணம் எவ்வளவு என்பதைவிட அது எப்படி வந்தது என்பதில்தான் அவர்களுக்கு அக்கறை. புதிதாக வருகிறவர்கள் இதைத் தெரிந்துகொண்டால் பாதி அலைச்சல் குறையும் என்றுதான் எழுதுகிறேன்.

கொஞ்சம் பின்னணி. 1992இல் இங்கே வெளிநாட்டு வணிகத்துக்கென்று தனிச் சட்டம் வந்தது. இந்தியாவோடு 1982இல் போட்ட இரட்டை வரித் தவிர்ப்பு ஒப்பந்தம் (ஒரே வருமானத்துக்கு இரண்டு நாட்டிலும் வரி கட்ட வேண்டாம் என்பது) ஏற்கெனவே இருந்ததால், இந்தியப் பங்குகளில் முதலீடு செய்கிறவர்கள் வரிசையாக இந்த வழியே வந்தார்கள். 2016 மே மாதம் அந்த ஒப்பந்தத்தைத் திருத்தினார்கள். 2017 ஏப்ரல் 1 முதல் வாங்கிய பங்குகளை விற்றுக் கிடைக்கும் லாபத்துக்கு இந்தியாவிலேயே வரி கட்ட வேண்டும் என்று ஆகிவிட்டது. அதன் பிறகு எங்களிடம் வருகிறவர்களில் ஆப்பிரிக்காவில் முதலீடு செய்யப் போகிறவர்கள் நிறைய.

அப்படி வந்த ஒரு குடும்பத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். இந்தியாவில் பல வருடமாகத் தொழிற்சாலை நடத்துகிறார்கள். கிழக்கு ஆப்பிரிக்காவில் ஒரு விநியோக நிறுவனத்தை வாங்க இங்கே ஒரு ஜிபிசி, அதாவது குளோபல் பிசினஸ் உரிமம் உள்ள கம்பெனி, ஆரம்பித்தார்கள். அந்த வகைக் கம்பெனி தன் முதன்மை வங்கிக் கணக்கை மொரீஷியஸில்தான் வைத்திருக்க வேண்டும். இங்கே வசிக்கும் இயக்குநர்கள் குறைந்தது இரண்டு பேர் வேண்டும். அதெல்லாம் சுலபமாக முடிந்தது. வங்கி கேட்ட ஒரு கேள்வியில்தான் எல்லாம் நின்றது: குடும்பத் தலைவரின் சொத்து எப்படிச் சேர்ந்தது?

முதலீட்டுத் தொகை எங்கிருந்து வருகிறது என்பது ஒரு கேள்வி. அதற்குக் கம்பெனியின் தணிக்கை அறிக்கையும் வங்கி அறிக்கையும் போதும். ஆனால் அந்த மனிதரின் மொத்தச் செல்வமும் எப்படி வந்தது என்பது வேறு கேள்வி. வாழ்நாள் முழுக்க உழைத்த பெரியவருக்கு அது சுருக்கென்று பட்டுவிட்டது. "என்னைத் திருடன் என்று நினைக்கிறார்களா?" என்று போனில் கேட்டார். மகனுக்கும் என்ன பதில் சொல்வதென்று தெரியவில்லை.

வங்கியில் எங்கள் கோப்பைப் பார்த்த ரிலேஷன்ஷிப் மேனேஜர் ஒரு பெண்மணி. அவரே ஒரு வீடியோ அழைப்பு ஏற்பாடு செய்தார். ஆவணப் பட்டியலை எடுக்கவே இல்லை. "முதல் இயந்திரத்தை எப்போது வாங்கினீர்கள் ஐயா? அதற்குப் பணம் யார் கொடுத்தார்கள்?" என்று கேட்டார். பெரியவர் பேச ஆரம்பித்தார். மனைவியின் நகையை அடகு வைத்தது, வாடகை ஷெட்டில் தொடங்கியது, பிறகு அந்த ஷெட்டையே வாங்கியது, நிலத்தின் ஒரு பகுதியை விற்று இரண்டாவது தொழிற்சாலை கட்டியது என்று முழுக் கதையும் வந்தது. அவர் சொல்லச் சொல்ல அந்தப் பெண்மணி குறிப்பு எடுத்துக்கொண்டார். கடைசியில், "நில விற்பனைப் பத்திரமும், அந்த வருடத்து வருமான வரிக் கணக்கும் இருந்தால் அனுப்புங்கள்" என்று மட்டும் கேட்டார். கணக்கு திறந்தது. அந்தப் பெரியவர் இன்றும் பேசும்போது அவரை விசாரிப்பார்.

நான் இங்கே கற்றுக்கொண்டதில் பெரியது இதுதான். வங்கி கேட்கும் காகிதம் ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு கதை இருக்க வேண்டும். அந்தக் கதையை நாமே முதலில் ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுத்துவிட்டால், அதற்கு ஏற்ற காகிதத்தை மட்டும் கேட்பார்கள். எழுதாவிட்டால் எல்லாக் காகிதத்தையும் கேட்பார்கள்.

அப்புறம் சான்றொப்பம். பாஸ்போர்ட் நகலில் நோட்டரி முத்திரை போட்டால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். போதாது. அசலைப் பார்த்தேன் என்ற வாசகம், சான்றளிப்பவரின் முழுப் பெயர், பதவி, தேதி எல்லாம் படிக்கும்படி இருக்க வேண்டும். நம் ஊரில் முத்திரையைக் கையெழுத்தின் மேலேயே அழுத்திக் குத்துவது வழக்கம். ஊதா மையில் பெயர் மறைந்துபோய்த் திரும்பி வந்த நகல்களை நிறையப் பார்த்திருக்கிறேன். முத்திரையைத் தள்ளிப் போடச் சொல்லுங்கள். முகவரிச் சான்றிலும் இதே பாடுதான். மின் கட்டண ரசீது அப்பா பெயரில் இருந்தால் ஏற்க மாட்டார்கள். உங்கள் பெயரிலேயே உள்ள சமீபத்திய வங்கி அறிக்கையைக் கொடுத்தால் பெரும்பாலும் வேலை முடிந்துவிடும்.

ஏன் இவ்வளவு கெடுபிடி என்று கேட்பவர்களுக்கு 2020ஐ நினைவுபடுத்துவேன். அந்த வருடம் பிப்ரவரியில் கறுப்புப் பணப் புழக்கத்தைத் தடுக்கும் பன்னாட்டு அமைப்பான எஃப்ஏடிஎஃப், மொரீஷியஸைச் சாம்பல் பட்டியலில், அதாவது கூடுதல் கண்காணிப்பில் உள்ள நாடுகளின் பட்டியலில், சேர்த்தது. அக்டோபர் முதல் ஐரோப்பிய ஒன்றியத்தின் அதிக அபாய நாடுகள் பட்டியலிலும் பெயர் ஏறியது. எங்கள் வாடிக்கையாளர் ஒருவரின் யூரோ டிவிடெண்ட் அந்தச் சமயத்தில் ஐரோப்பாவில் நடுவே இருந்த கரஸ்பாண்டன்ட் வங்கியில் மாட்டிக்கொண்டது. இங்கிருந்து பணம் போய்விட்டது, அங்கே சேரவில்லை. ஒப்பந்தம், இயக்குநர் குழுத் தீர்மானம், பங்குதாரர் பட்டியல் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார்கள், நாங்களும் அனுப்பிக்கொண்டே இருந்தோம். தவறு யாரிடமும் இல்லை. ஆனாலும் ஒரு நாட்டின் பெயர் கெட்டால் அங்கிருந்து போகும் நியாயமான பணமும் வழியில் நிற்கும். 2021 அக்டோபரில் சாம்பல் பட்டியலிலிருந்தும், 2022 தொடக்கத்தில் ஐரோப்பியப் பட்டியலிலிருந்தும் வெளியே வந்தோம். இந்தச் சின்ன நாட்டில் கம்ப்ளையன்ஸ், அதாவது விதிகள் பின்பற்றப்படுகின்றனவா என்று பார்க்கும் துறையில் இருக்கிறவர்கள் அதற்காக உழைத்ததை அருகிலிருந்து பார்த்தவன் என்பதால், அவர்கள் கேள்வி கேட்டால் எனக்கு இப்போது கோபம் வருவதில்லை.

போர்ட் லூயியிலிருந்து, மென்பொருள் துறை:

அண்ணா சொன்னது கம்பெனிக் கணக்கு. நான் ஆக்குபேஷன் பர்மிட்டில், அதாவது இங்கே தங்கி வேலை செய்யும் அனுமதியில், வந்த சம்பளக்காரன், என் அனுபவம் வேறு மாதிரி. வேலை ஒப்பந்தம், பர்மிட், வாடகை ஒப்பந்தம் கொடுத்ததும் கணக்கு சிக்கலில்லாமல் திறந்துவிட்டது. 2004 வங்கிச் சட்டம் வரும்வரை உள்ளூர் வங்கிக்கும் வெளிநாட்டு வணிக வங்கிக்கும் உரிமமே தனித்தனியாக இருந்ததாம். இப்போது ஒரே உரிமம்தான். கோடிக்கணக்கான டாலரை நிர்வகிக்கும் அதே வங்கியின் கிளையில், கரும்புத் தோட்டத்து ஓய்வூதியக்காரர் ஒருவருக்குப் பின்னால் நின்று நான் கார்டு வாங்கினேன்.

கவுண்டரில் இருந்தவரின் பெயர்ப் பட்டையில் வீராசாமி என்ற பெயரைப் பிரெஞ்சு உச்சரிப்பில் எழுதியிருந்தார்கள். ஆசையாகத் தமிழில் பேசினேன். அவருக்குத் தமிழ் வராது, கிரியோலும் பிரெஞ்சும் ஆங்கிலமும்தான். ஆனால் நூறு ரூபாய் நோட்டு ஒன்றை எடுத்து, அதிலிருந்த தமிழ் எழுத்தை விரலால் தொட்டுக் காட்டினார். அந்த நோட்டில் இருப்பவர் ரெங்கநாதன் சீனிவாசன், இந்த நாட்டு வழக்கறிஞர், அரசியல் தலைவர். 1998இல் வெளியிட்ட நோட்டுகளில் தமிழ் வரியை இந்திக்குப் பின்னால் தள்ளிவிட்டார்கள் என்று இங்குள்ள தமிழர்கள் எதிர்த்ததும், அந்த நோட்டுகளைத் திரும்பப் பெற்று, பழைய வரிசையில் மறுபடி அச்சிட்டதும் அந்தக் கவுண்டர்க்காரர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். பேச வராத மொழிக்காக நின்றிருக்கிறார்கள். எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது.

சரி, சிரமத்துக்கு வருகிறேன். ஊருக்குப் பணம் அனுப்புவது. மொரீஷியஸ் ரூபாயை அப்படியே இந்திய ரூபாயாக மாற்றி அனுப்ப என் வங்கியில் வழி இல்லை. முதலில் டாலர் வாங்க வேண்டும், அது வங்கிகளுக்கு இடையிலான ஸ்விஃப்ட் வலையமைப்பு வழியாக இந்தியா போய் அங்கே ரூபாயாக மாறும். இரண்டு இடத்திலும் மாற்று விகிதத்தில் கொஞ்சம் போகும், நடுவில் உள்ள வங்கியும் கட்டணம் எடுக்கும். சில சமயம் வங்கியில், "இப்போது டாலர் இருப்பு இல்லை, பொறுத்திருங்கள்" என்பார்கள். சுற்றுலாவும் ஏற்றுமதியும் கொண்டுவரும் டாலரை நம்பி இருக்கும் தீவு இது, நமக்கு மட்டும் என்று அவர்களால் எடுத்து வைக்க முடியாது. வீட்டுக் கடன் தவணை இருப்பவர்கள் தவணைத் தேதிக்கு முந்தின நாள் வரை காத்திருக்காமல், சம்பளம் வந்ததும் அனுப்பச் சொல்லிக் கொடுத்துவிடுங்கள். முடிந்தால் அதே வங்கியில் ஒரு டாலர் கணக்கும் வைத்துக்கொள்ளுங்கள். கிடைக்கிறபோது வாங்கிச் சேர்த்து, மொத்தமாக அனுப்பினால் கட்டணமும் மிச்சம்.

குவாத்ர் போர்னிலிருந்து, முன்பு வங்கிப் பணியில் இருந்தவர்:

பணம் பத்திரமா என்று யாரும் கேட்கவில்லையே. நான் சொல்கிறேன். 2015 ஏப்ரல் தொடக்கத்தில் பிராமர் வங்கியின் உரிமத்தை மத்திய வங்கி ரத்து செய்தது. நான் அப்போது வேறொரு வங்கியில் இருந்தேன். எங்கள் கிளைக்கும் அதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை. ஆனாலும் காலையில் கதவைத் திறக்கும்போதே வாசலில் ஆட்கள். பாஸ்புத்தகத்தைக் கையில் பிடித்துக்கொண்டு ஓர் அம்மா, "உங்கள் வங்கி நாளைக்கும் இருக்குமா மகனே?" என்று கேட்டார். இருப்புத் தொகையை அச்சடித்துக் காட்டிய பிறகுதான் உட்கார்ந்தார்.

அந்த வங்கியின் வைப்புகளை அரசு தொடங்கிய தேசிய வர்த்தக வங்கிக்கு மாற்றினார்கள். அது 2016இல் இன்னொரு வங்கியோடு இணைந்து மாவ்பேங்க் ஆனது. மொத்தப் பணத்தையும் ஒரே இடத்தில் வைக்காதீர்கள் என்று அன்றிலிருந்து எல்லோரிடமும் சொல்லி வருகிறேன். அதிக வட்டி தருகிறார்கள் என்றால், ஏன் தருகிறார்கள் என்று கவுண்டரிலேயே கேளுங்கள். அவர்கள் நம்மைக் கேட்பதுபோல நாமும் அவர்களைக் கேட்கலாம்.

சென்னையிலிருந்து, ஒரு கேள்வி:

நான் மொரீஷியஸில் வசிக்கவில்லை. இந்தியாவில் இருந்துகொண்டே அங்கே சொந்தப் பெயரில் கணக்கு திறக்க முடியுமா?

எபெனிலிருந்து:

முடியும் தம்பி. வெளிநாட்டில் வசிப்பவர்களுக்குக் கணக்கு தரும் வங்கிகள் உண்டு. குறைந்தபட்ச இருப்பு வங்கிக்கு வங்கி வேறுபடும், உங்கள் இந்திய வங்கியிலிருந்து அறிமுகக் கடிதம் கேட்கலாம். இந்தியப் பக்கத்தில், தனிநபர்கள் வெளிநாட்டுக்குப் பணம் அனுப்புவதற்கான எல்ஆர்எஸ் திட்டத்தின்கீழ் நிதியாண்டுக்கு 2,50,000 டாலர் வரை அனுப்பலாம். முதலீடு போன்றவற்றுக்கு அனுப்புகிறவர்கள் 10 லட்சம் ரூபாய்க்கு மேல் போகும் தொகைக்கு 20 சதவீதம் டிசிஎஸ், அதாவது வங்கி முன்கூட்டியே வசூலிக்கும் வரி, கட்ட வேண்டியிருக்கும். அதை வருமான வரிக் கணக்கில் கழித்துக்கொள்ளலாம். ஆனால் எதற்காக இந்தக் கணக்கு என்று முதலில் உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். வங்கியும் அதைத்தான் கேட்கும். இங்கே தொழிலோ சொத்தோ ஆப்பிரிக்கத் தொடர்போ இல்லாமல் "சும்மா இருக்கட்டும்" என்று சொன்னால் கோப்பு நகராது.

கோயம்புத்தூரிலிருந்து, மொரீஷியஸில் இருந்துவிட்டுத் திரும்பியவர்:

தம்பிக்கு இன்னொன்று. ரகசியம் என்று எதுவும் இல்லை. நாடுகள் கணக்கு விவரங்களைப் பகிர்ந்துகொள்ளும் சிஆர்எஸ் ஏற்பாட்டின்படி கணக்கு விவரம் இந்திய வருமான வரித் துறைக்குத் தானாக வந்துவிடும். 2024 நவம்பரில் வெளிநாட்டுக் கணக்கு உள்ளவர்களுக்குத் துறையிலிருந்து குறுஞ்செய்தி அனுப்பினார்கள், எனக்கும் வந்தது. வருமான வரிக் கணக்கில் வெளிநாட்டுச் சொத்துகளைக் காட்டும் ஷெட்யூல் எஃப்ஏ பகுதியை ஏற்கெனவே நிரப்பியிருந்ததால் கவலைப்படவில்லை. நிதியாண்டுக்கு அல்ல, ஜனவரி முதல் டிசம்பர் வரையிலான ஆண்டுக்கு நிரப்ப வேண்டும். அந்த ஆண்டில் இருந்த அதிகபட்ச இருப்பு, கடைசி இருப்பு, வட்டி எல்லாம் கேட்பார்கள். மறைத்தால் 2015 கறுப்புப் பணச் சட்டப்படி 10 லட்சம் ரூபாய் அபராதம் வரலாம். 2024 அக்டோபர் முதல், அசையாச் சொத்து நீங்கலாக மற்ற வெளிநாட்டுச் சொத்துகள் எல்லாம் சேர்த்து 20 லட்சத்துக்குள் இருந்தால் அந்த அபராதம் இல்லை. ஆனாலும் குறிப்பிட வேண்டிய கடமை போகவில்லை. திரும்பியதும் எல்லோருக்கும் உடனே இது பொருந்தாது. பல வருடம் வெளியே இருந்தவர்கள் முதலில் சாதாரண வசிப்பாளர் அல்லாதவர் என்ற நிலையில் இருப்பார்கள், உங்கள் ஆடிட்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். அங்கே வசித்தபோது சம்பாதித்த பணத்தை அங்கேயே வைத்திருக்க ஃபெமா என்ற இந்திய அந்நியச் செலாவணிச் சட்டம் அனுமதிக்கிறது, அவசரப்பட்டுக் கணக்கை மூட வேண்டியதில்லை.

ஒரு விஷயம் மட்டும் விமானம் ஏறுவதற்கு முன்பே செய்துவிடுங்கள். ஓடிபி வருவது 230 என்று தொடங்கும் உங்கள் மொரீஷியஸ் எண்ணுக்கு. ப்ரீபெய்ட் சிம் செயலிழந்தால் ஆப்பைத் திறக்கவே முடியாது, அதை மாற்ற இந்தியாவிலிருந்து மறுபடியும் நோட்டரி, கூரியர் என்று அலைய வேண்டும். கிளைக்கு நேரில் போய் இந்திய எண்ணைப் பதிவு செய்து, ஒரு ஓடிபி வருகிறதா என்று அங்கேயே நின்று பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். புது முகவரியையும் இந்திய பான் எண்ணையும் அப்போதே எழுதிக் கொடுத்துவிடலாம், அதற்கான படிவத்தை அதே கவுண்டரில் தருவார்கள்.