‘அன்டில்’ என்பதை உருதுவில் சொல்லும்போது ‘ந’ எதற்கு?

கேள்வி:
வேலைக்காக ஹைதராபாத் வந்து இரண்டு வருடம் ஆகிறது. பக்கத்து வீட்டுச் சிறுமி ஐந்தாம் வகுப்பு, உருது மீடியம். ஆங்கில வீட்டுப்பாடத்தோடு என்னிடம் வருவாள். எனக்குத் தெரிந்த உருதுவில் சொல்லித் தருவேன். நேற்று ‘வெயிட் ஹியர் அன்டில் ஐ கம்’ என்று ஒரு வாக்கியம். அவளுடைய அகராதியில் அன்டில் என்பதற்கு ‘தக், ஜப் தக்’ என்று போட்டிருந்தது. சரி என்று ‘ஜப் தக் மைங் ஆவூங், யஹீங் ருக்னா’ என்றேன். உள்ளேயிருந்து அவள் பாட்டி ‘ஜப் தக் மைங் ந ஆவூங்’ என்று திருத்தினார். ‘ந’ என்றால் எதிர்மறைதானே? நான் வரும் வரை இரு என்பதில் அது எங்கிருந்து வந்தது? குழந்தைக்குத் தப்பாகச் சொல்லித் தந்துவிடக் கூடாது, அதனால்தான் கேட்கிறேன்.

பதில் 1:
பாட்டி சொன்னதுதான் சரி. ‘நஹீங்’ போட்டும் சொல்வார்கள்: ‘ஜப் தக் வோ நஹீங் ஆத்தா, மைங் நஹீங் ஜாவூங்கா.’

பதில் 2:
நம் தமிழை வைத்தே இதைப் பிடித்துவிடலாம். ‘அவர் வராத வரை நான் கிளம்ப மாட்டேன்’ என்கிறோம் அல்லவா, அதே கட்டுதான். ‘ஜப் தக்’ ஒரு நிலை நீடிக்கும் காலம் முழுவதையும் குறிக்கும். நான் வராமல் இருக்கும் நேரம் முழுக்க நீ இங்கேயே இரு என்கிறார் பாட்டி. அந்த நேரம் எப்போது முடிகிறது என்பதை மட்டும் ஆங்கிலம் சொல்கிறது.

‘ந’ இல்லாமலும் ‘ஜப் தக்’ வரும், ஆனால் அங்கே அன்டில் பொருந்தாது. ‘ஜப் தக் ஜிந்தா ஹூங்’ என்றால் உயிரோடு இருக்கும் வரை. ஆங்கிலத்தில் ‘ஆஸ் லாங் ஆஸ்’. ‘ஜப் தக் மைங் பஹுஞ்சா, பஸ் ஜா சுக்கீ தீ’ என்றால் நான் போய்ச் சேர்வதற்குள் பஸ் போய்விட்டது. இதற்கு ‘பை தி டைம்’. அகராதியில் இந்த மூன்றையும் தனித்தனி உதாரணத்தோடு போட்டிருக்க வேண்டும்.

கேட்டவர்:
‘வராத வரை’ என்றதும் தெளிந்துவிட்டது, மிக்க நன்றி. அப்புறம் இன்னொன்று. ‘பாஞ்ச் பஜே தக் காம் கதம் கரோ’ (ஐந்து மணிக்குள் வேலையை முடி) என்பதை அவள் ‘ஃபினிஷ் தி வொர்க் அன்டில் ஃபைவ்’ என்று எழுதியிருக்கிறாள். தப்பு என்று தெரிகிறது, எப்படி விளக்குவது?

பதில் 2:
இங்கே ‘தக்’ இரண்டு வேலை செய்கிறது. ‘ஷாம் தக் படோ’ என்றால் சாயங்காலம் வரை படி. ‘ஷாம் தக் பேஜ் தோ’ என்றால் சாயங்காலத்துக்குள் அனுப்பிவிடு. நமக்கு ‘வரை’, ‘க்குள்’ என்று தனித்தனியாக இருக்கிறது, உருதுவில் வினையைப் பார்த்துத்தான் பிரிக்க வேண்டும். படிப்பது, காத்திருப்பது போல நீண்டுகொண்டே போகும் வேலைக்கு அன்டில். முடிப்பது, அனுப்புவது போல ஒரு தடவையில் தீரும் வேலைக்கு ‘பை’. அவளிடம் ‘சாயங்காலம் வரை முழுக்க இதையே செய்வாயா?’ என்று கேளுங்கள். ஆமாம் என்றால் அன்டில்.

கேட்டவர்:
இன்று பத்து வாக்கியம் எழுத வைத்தேன், எட்டு சரி. தப்பான இரண்டிலும் ‘கல் தக்’ (நாளை வரை, நாளைக்குள்) இருந்தது. நாளை அதையே எடுத்துக்கொள்கிறோம்.