மடலாடல்: கோதிக் ராக், எமோ – தமிழில் எப்படி வழங்குவது?

அன்பின் குழுவினர்க்கு,

இசைக் கலைச்சொல் தொகுப்பு வெள்ளியன்று அச்சுக்குப் போகிறது. முன்வரைவில் கோதிக் ராக், எமோ என்னும் மேற்கத்திய இசைவகைகள் இரண்டுக்கும் ‘சோக இசை’ என்றே இருப்பதை மாற்ற வேண்டும். முன்னது இங்கிலாந்தில் பங்க் என்னும் முரட்டு ராக் இசையின் அலை ஓய்ந்தபோது கிளைத்தது. 1979இல் பௌஹவுஸ் குழு வெளியிட்ட ஒன்பது நிமிடப் பாட்டில் கனத்த ஆண்குரலும் எதிரொலியில் தோய்ந்த கிட்டாரும் கேட்பவரைத் தொலைவிலேயே நிறுத்துகின்றன. பின்னது வாஷிங்டன் நகரத்தில் வளர்ந்த, இன்னும் வேகமும் கடுமையும் கொண்ட ஹார்ட்கோர் பங்க்கின் பிள்ளை. 1985இல் வந்த ரைட்ஸ் ஆஃப் ஸ்பிரிங் குழுவின் இசைத்தொகுப்பில் பாடகர் தம் மனக்காயத்தைத் தொண்டை கிழியக் கத்துகிறார். கறுப்புடையும் கண்மையும் பிற்காலத்தில் பொதுவானதாலேயே குழப்பம்.

*

அம்மையீர்,

விடை, உணர்ச்சி வெளிப்பாடுகளைச் சொல்லும் தொல்காப்பிய மெய்ப்பாட்டியலில் இருக்கிறது. அச்சத்தின் நிலைக்களன்களைச் சொல்லும் தொல்காப்பியர் ‘அணங்கே விலங்கே கள்வர்தம் இறை’ என, அஞ்சவைக்கும் தெய்வமாகிய அணங்கையே முதலில் வைக்கிறார். நீங்கள் குறித்த பாட்டு டிராகுலாவாக நடித்த பேலா லுகோசியின் சாவைப் பாடுவதால், ‘அணங்கிசை’ பொருந்தும். எமோவுக்கு ‘அகவிசை’ என்க. அகம் + இசை என்றும் பிரிக்கலாம். அகவு + இசை எனப் பிரித்தால் உயிரெழுத்து வரும்போது முற்றியலுகரமும் சிலவிடத்துக் கெடும் என்னும் நன்னூலாரின் ‘முற்றும் அற்று ஒரோவழி’ விதி உகரத்தைக் கெடுக்கும். அகவுதலாவது அழைத்துப் பாடுதல். குறுந்தொகை 23இல் வரும், பாடிக் குறிசொல்லும் அகவன் மகளையும், மயிலின் அகவலையும், ஆசிரியப்பாவின் ஓசையையும் ஒப்புநோக்குக.

*

ஐயா,

மயில்வரை போய்விட்டீர்கள். ‘அகவிசை’யை என் மாணவர்கள் அக விசை (உள்ளே இயங்கும் விசை) என்று பிரித்து இயற்பியல் பாடத்தில் தேடுவார்கள்; ‘அணங்கு’ என்றதும் தமிழ்த்தாய் வாழ்த்தின் ‘தமிழணங்கே’தான் நினைவுக்கு வரும். ‘அகம்’ என்றாலும், காதலைப் பாடும் அகத்திணையில் ஒருவர் பெயரும் சுட்டப்படாது; எமோவோ பாடுபவர் தம் கதையைத் தாமே கொட்டுவது. கோதிக் என்பது இனப்பெயராகத் தொடங்கிக் கட்டடக்கலைக்கும், பின் 18ஆம் நூற்றாண்டுத் திகில் புதினத்துக்கும், கடைசியாக இசைக்கும் ஏறிய சொல். அதை அப்படியே எழுதுவதே நேர்மை. ‘இருண்மை இசை’ எனலாமென்றால், ‘இருண்மை’யைப் பொருள் புரியாமையைக் குறிக்கப் புதுக்கவிதைத் திறனாய்வாளர்கள் ஏற்கெனவே எடுத்துக்கொண்டார்கள்.

*

நண்பர்களே,

பெரும்பான்மையினர் ஒலிபெயர்ப்பையே கேட்பதால் தலைச்சொல்லாக ‘கோதிக் ராக்’, ‘எமோ’ என்றும், விளக்கத்தில் மட்டும் ‘அணங்கிசை’ என்றும் இடுகிறேன்.

*

அம்மையீர்,

தமிழிலக்கணம் விலக்கும் மொழிமுதல் ரகரத்தையும் மொழியிறுதிக் ககர மெய்யையும் ‘ராக்’ என்ற ஒரே சொல்லில் ஏற்றுக்கொண்டீர்கள். இலக்கணப்படி ‘இராக்’ என்று திருத்தினால் மேற்காசிய நாடாகிவிடும். என் மறுப்பைப் பதிவுசெய்க.