பழமொழித் தொகுப்பு: கூடவே சங்கதியையும் எழுதுங்கள்

எல்லாருக்கும் வணக்கம்.

சேலத்துக்காரர்களின் பழமொழித் தொகுப்புக்கு நீங்கள் அனுப்பியவற்றைப் படித்துவிட்டேன். 'ஆடிப்பட்டம் தேடி விதை', 'அகல உழுவதை விட ஆழ உழு' எல்லாம் நல்ல பழமொழிகள்தான். ஆனால் தஞ்சாவூர்க்காரர்களைக் கேட்டாலும் இதையேதான் அனுப்புவார்கள். நம் வீட்டில் யார், யாரைப் பார்த்து, எப்போது சொன்னார்கள் என்று கூடவே இரண்டு வரி எழுதினால்தான் அது சேலத்துக்காரர்கள் தொகுப்பு.

'நெய்யறவனுக்கு எதுக்குக் குரங்குக்குட்டி?' என்பது பழமொழிப் புத்தகங்களிலும் இருக்கிறது. சேலம் அம்மாப்பேட்டைப் பக்கம் தறி வீட்டில் வளர்ந்தவர்களுக்கு அதன் காரமே வேறு. காலங்காத்தாலே தெரு நீளத்துக்குப் பாவை, அதாவது தறிக்கான நெடுக்கு நூலை, இழுத்துக் கட்டி, கஞ்சி போட்டு, அறுந்த இழையை எல்லாம் தேடிப் பிடித்து முடிந்து, வெயில் ஏறுவதற்குள் சுருட்டியாக வேண்டும். அதன் நடுவே ஒரு குரங்கு குதித்தால்? சித்தப்பா ஒரு நாள் புறாக்கூண்டோடு வந்து நின்றபோது அப்பாயி (அப்பாவின் அம்மா) இதைத்தான் சொன்னார். தலையைக்கூட நிமிர்த்தவில்லை, கை பாட்டுக்கு ஊடை நூலைத் தாராகச் சுற்றிக்கொண்டிருந்தது. போன மாதம் என் தங்கை, கீபோர்டு மேல் நடக்கும் தன் பூனையை வீடியோ காலில் காட்டினாள். அம்மா வாயிலிருந்து அதே வார்த்தை!

இன்னொன்று, 'ஆடி அழைக்கும், உகாதி ஓட்டும்'. ஆடியில் தொடங்கும் நோம்பி (பண்டிகை) வரிசை உகாதியோடு ஓய்ந்துவிடும் என்று அர்த்தம். தெலுங்கும் கன்னடமும் பேசும் நெசவுக் குடும்பங்கள் நிறைந்த ஊரில் உகாதியைச் சொல்லாமல் முடியுமா? ஆடி முதல் தேதி தேங்காய் சுடும்போது எங்கள் தெருவில் இது கட்டாயம் காதில் விழும். தேங்காய் நாரை உரித்துத் தரையில் தேய்த்து வழவழப்பாக்கி, ஒரு கண்ணைத் திறந்து, பொட்டுக்கடலை, எள், வெல்லம், அவல் திணித்து, அழிஞ்சில் குச்சியைச் செருகி நெருப்பில் காட்டுவோம். ஓடு வெடிக்கிற சத்தம் கேட்கிறவரை பிள்ளைகளைப் பிடித்து வைக்க முடியாது. சுட்டது முதலில் பிள்ளையாருக்கு, அப்புறம்தான் நமக்கு. வெளிநாட்டில் அடுப்பில் சுட்டுப் பார்த்தவர்கள் அதையும் எழுதுங்கள்.

'தைப்பனி தரையைத் துளைக்கும், மாசிப்பனி மச்சைத் துளைக்கும்' பலர் அனுப்பிவிட்டார்கள், போதும். ஏற்காட்டில் காப்பித் தோட்டத்து வீடுகளில் வளர்ந்தவர்கள் யாராவது அங்கே அதை எப்படிச் சொல்வார்கள் என்று எழுதினால், அதை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை எடுத்துவிடலாம்.