அவசரம்: முன் ஆக்ஸில் ரீகால். திங்கட்கிழமை லோடு, ஓட்டலாமா?

பேஹெட்_பாலா (டர்பன்)
வணக்கம். நம்ம ஹார்ஸுக்கு (ட்ரெய்லர் இழுக்கிற முன் வண்டி) முன் ஆக்ஸில் ரீகால் (குறையைச் சரிசெய்யக் கம்பெனி வண்டியைத் திரும்ப அழைப்பது) என்று டிரைவர்கள் வாட்ஸ்அப்பில் போட்டிருக்கிறார்கள். டீலருக்கு போன் செய்தால் "கடிதம் வந்ததா, பார்ட் இன்னும் வரவில்லை" என்கிறார்கள். எனக்கு ஒரு கடிதமும் வரவில்லை. வண்டி கொஞ்சம் இடது பக்கம் இழுக்கிறது. திங்கட்கிழமை ஜோபர்க் (ஜோஹன்னஸ்பர்க்) லோடு. ஓட்டலாமா, கூடாதா? சீக்கிரம் சொல்லுங்கள்.

நாமக்கல்_டீசல்
என்ன வண்டி அண்ணே? எந்த வருஷ மாடல்? 6×4-ஆ (ஆறு சக்கர இடத்தில் நாலை இன்ஜின் ஓட்டுவது) 4×2-ஆ? ஒன்றுமே சொல்லாமல் ஓட்டலாமா என்றால் என்ன சொல்வது?

சாட்ஸ்வர்த்_சிவா
அண்ணா, ரீகால் அறிவித்தது கம்பெனியா, நேஷனல் கன்ஸ்யூமர் கமிஷனா? இல்லை வெறும் வாட்ஸ்அப் சேதியா? வண்டி புதுசா, செகண்ட் ஹேண்டா? இழுப்பது லோடு இருக்கும்போதா, காலியாக வரும்போதா, பிரேக் பிடிக்கும்போது மட்டுமா? பிராண்ட் என்ன?

நாமக்கல்_டீசல்
பதில் வருவதற்குள் சொல்லிவிடுகிறேன். கிங்பின்தான், முன் சக்கரம் திரும்புவதற்கு அச்சாக இருக்கிற பின். பத்து வண்டி இழுத்தால் எட்டு கிங்பின். ஆக்ஸிலுக்கு அடியில் ஜாக்கி போட்டுத் தூக்குங்கள். சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் இருந்தால் ஒருவரை பிரேக்கை மிதிக்கச் சொல்லி மறுபடி ஆட்டுங்கள். ஆட்டம் நின்றுவிட்டால் வீல் பேரிங். நிற்கவில்லை என்றால் கிங்பின். பக்கவாட்டில் ஆடினால் டை ராட் எண்ட் (ஸ்டியரிங் கம்பியின் முனை மூட்டு). ஒரு மணி நேர வேலை.

அச்சாணி (மூத்த உறுப்பினர்)
இந்தக் கேள்வி இங்கே எத்தனை முறை வந்துவிட்டது, பழைய இழைகளைத் தேடிப் பார்க்கும் பழக்கம் யாருக்கும் இல்லை. நீங்கள் ஓட்டுவது ரோட்டின் இடது பக்கம். மழைத் தண்ணீர் வடிய ரோடு இடது ஓரமாகச் சரிந்திருக்கும். லேசாக இடது பக்கம் இழுக்கத்தான் செய்யும். டயர் காற்றைச் சரிபாருங்கள், வேலை முடிந்தது. முன் ஆக்ஸில் ஃபோர்ஜிங் (அடித்து உருவாக்கிய இரும்பு) தம்பி, அப்பளம் இல்லை. அது உடைந்தது என்றால் ஓவர்லோடு, இல்லை பராமரிப்புக் கிடையாது. ரீகால் எல்லாம் கம்பெனி வக்கீல்கள் முன்ஜாக்கிரதைக்குப் போடுகிற காகிதம்.

பேஹெட்_பாலா
6×4. ஐரோப்பா வண்டி. ஏலத்தில் எடுத்தது. பிராண்ட் பெயர் இங்கே வேண்டாம், டீலரிடம் நாளைக்கும் போய் நிற்க வேண்டும். போன மாதம்தான் சி.ஓ.எஃப். (வண்டித் தகுதிச் சான்றிதழ்) பாஸ் ஆனது, அப்படியென்றால் பயமில்லை அல்லவா?

சாட்ஸ்வர்த்_சிவா
ஏலத்தில் எடுத்தது என்பதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே அண்ணா! கடிதம் ஏன் வரவில்லை என்று இப்போது புரிகிறது. கம்பெனி கணக்கில் அந்த வண்டி யார் பெயரில் இருக்கிறதோ அவருக்குத்தான் கடிதம் போகும். ஏலக் கம்பெனி கை மாறி, பேங்க் கை மாறி உங்களிடம் வந்திருந்தால் உங்கள் முகவரி அவர்களுக்குத் தெரியாது. ஆனால் ரீகால் போடுவது ஆளுக்கு இல்லை, வண்டிக்கு. அதுவும் அந்த மாடல் முழுவதற்கும் இருக்காது. குறிப்பிட்ட தேதிகளுக்குள் தயாரான வண்டி, குறிப்பிட்ட சப்ளையர் அனுப்பிய ஒரு பேட்ச் ஆக்ஸில், அவ்வளவுதான். ஒரே வருஷம் வாங்கிய இரண்டு வண்டியில் ஒன்று பட்டியலில் இருக்கும், மற்றது இருக்காது.

வண்டியின் அடையாள எண்ணான வின் நம்பருக்காகச் சேஸிஸுக்கு அடியில் படுக்க வேண்டாம். முன் கண்ணாடியில் ஒட்டியிருக்கிற லைசன்ஸ் டிஸ்க்கிலேயே 17 எழுத்தும் இருக்கும். அதை டீலரிடம் சொல்லி, "இந்த நம்பர் ரீகாலில் வருகிறதா, வந்தால் ஓட்டலாமா நிறுத்தணுமா" என்று கேளுங்கள். பதிலை ஈமெயிலில் வாங்குங்கள். போனில் சொன்னது பேச்சோடு போய்விடும்.

சி.ஓ.எஃப். பற்றி: டெஸ்டிங் ஸ்டேஷனில் ஆட்டம், தேய்மானம், ஒழுகல் பார்ப்பார்கள். இரும்பில் விழுந்திருக்கிற மெல்லிய கீறல் கண்ணுக்குத் தெரியாது. அதற்குக் காந்தத் துகள் சோதனை, இல்லை சாய மருந்து போட்டுப் பார்க்கிற சோதனை வேண்டும்.

அச்சாணி (மூத்த உறுப்பினர்)
சிவா, ஆளை வீணாகக் கமிஷனுக்கு அலைய விடாதீர்கள். கன்ஸ்யூமர் புரொடெக்‌ஷன் சட்டம் வீட்டுக்கு ஃபிரிட்ஜ் வாங்கினவர்களுக்கு. 20 லட்சம் ரேண்டுக்கு மேல் வியாபாரம் செய்கிற கம்பெனிக்கு அது பொருந்தாது. ஒரு ஹார்ஸ் வைத்திருந்தாலே அந்தக் கணக்கைத் தாண்டிவிடும். இதெல்லாம் படித்துவிட்டுப் பேச வேண்டும்.

சென்டூரியன்_வாணி
படித்துவிட்டே பேசுகிறேன் ஐயா. 2008-ஆம் ஆண்டின் 68-ஆம் சட்டம், பிரிவு 5(5). விலக்குப் பெற்ற வியாபாரமாக இருந்தாலும் பிரிவு 60-உம் 61-உம் பொருந்தும் என்று அங்கேயே போட்டிருக்கிறது. 60 என்பது ரீகால். 61 என்பது பழுதான பொருளால் வரும் சேதத்துக்குத் தயாரித்தவர், இறக்குமதி செய்தவர், விற்றவர் பொறுப்பு. அலட்சியம் இருந்தது என்று நிரூபிக்கக்கூடத் தேவையில்லை. எத்தனை ஹார்ஸ் வைத்திருந்தாலும் சரி.

அச்சாணி (மூத்த உறுப்பினர்)
சட்டம் ஆக்ஸிலைத் தாங்காது. என் பாயிண்ட் ஓவர்லோடு. அதற்கு யாரும் பதில் சொல்லவில்லை.

நாமக்கல்_டீசல்
நான் சொல்கிறேன். எங்கள் ஊரில் 2018-ல் ஸ்டியரிங் ஆக்ஸிலுக்கு 6 டன்னிலிருந்து 7 டன்னாகச் சட்டப்படியே ஏற்றிக் கொடுத்தார்கள். உங்கள் நாட்டில் 7.7 டன். ஒரே மாதிரி இரும்புதானே? எங்கள் பட்டறையில் 6 டன் காலத்திலேயே 9 டன் தாங்கிய ஆக்ஸிலைப் பார்த்திருக்கிறேன். கிங்பின் மட்டும் போகும்.

சாட்ஸ்வர்த்_சிவா
பாலா அண்ணன் வண்டி ட்ரெய்லர் இழுக்கிற ஹார்ஸ். 56 டன் காம்பினேஷனே ஆனாலும் பாரம் பெரும்பாலும் பின்னால் டிரைவ் ஆக்ஸில் மேலும் ட்ரெய்லர் ஆக்ஸில் மேலும்தான் உட்காரும். முன்னால் எவ்வளவு வரும் என்பது ஃபிஃப்த் வீலை (ட்ரெய்லர் மாட்டுகிற தட்டு) எங்கே பூட்டியிருக்கிறார்கள் என்பதைப் பொறுத்தது. லோடைத் தன் மேலேயே சுமக்கிற டிப்பர் கணக்கை இங்கே போடாதீர்கள்.

நாமக்கல்_டீசல்
கணக்கு யார் போட்டது? நான் அனுபவத்தைச் சொன்னேன். ஆட்டிப் பார்த்தாரா இல்லையா, அதைக் கேளுங்கள்.

கொழும்பு_ஃபூசோ
"பராமரிப்புக் கிடையாது" என்ற பேச்சைக் கேட்டால் எனக்கு எரிச்சல் வருகிறது. 2002 ஜனவரியில் யோகோஹாமாவில் ஓடிக்கொண்டிருந்த மிட்சுபிஷி லாரியின் முன் சக்கரம் கழன்று உருண்டு, நடைபாதையில் போன ஒரு தாய் இறந்தார், இரண்டு பிள்ளைகளுக்குக் காயம். ஹப் (சக்கரத்தை ஆக்ஸிலோடு சேர்க்கிற நடுப்பாகம்) வட்டமாக வெட்டியதுபோல் உடைந்திருந்தது. கம்பெனி என்ன சொன்னது? வண்டி வைத்திருப்பவர்கள் சரியாகப் பராமரிக்கவில்லை, தேய்மானம் என்றது. 2004 மார்ச்சில் ஹப்பின் வடிவமைப்பிலேயே குறை என்று ஒப்புக்கொண்டு ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வண்டிகளுக்கு ரீகால் அறிவித்தார்கள். நடுவில் இரண்டு வருஷம் பழி முழுக்க லாரிக்காரன் தலையில்.

அச்சாணி (மூத்த உறுப்பினர்)
அது ஹப். இங்கே பேசுவது ஆக்ஸில் பீம், குறுக்கே போகிற இரும்பு. முதலில் பாகத்தின் பெயரைத் தெரிந்துகொள்ளுங்கள்.

கொழும்பு_ஃபூசோ
இங்கே பீம் என்று யார் சொன்னது? பாலா "முன் ஆக்ஸில்" என்றார், அவ்வளவுதான். சக்கரம் பக்கம் இருக்கிற நக்கிளா, ஸ்டப் ஆக்ஸிலா, இல்லை பீமா, ரீகால் தாளைப் பார்த்தால்தான் தெரியும். தாளை யாராவது பார்த்தோமா?

சென்டூரியன்_வாணி
பாலா, ஓட்டப்போவது நீங்களா, டிரைவரா? என் தம்பி வான் ரீனன் மலைப்பாதை இறக்கத்தில் தினமும் வண்டி ஓட்டுகிறான், அதனால் கேட்கிறேன். பிரேக் போனால் கியரில் பிடிக்கலாம், மணல் மேட்டில் ஏற்றலாம். முன் சக்கரம் சாய்ந்துவிட்டால் ஸ்டியரிங்கைப் பிடித்து என்ன பயன்? 2013-ல் ஃபீல்ட்ஸ் ஹில் இறக்கத்தில் ஒரு லாரி இறங்கி 24 பேர் போனது உங்களுக்குத் தெரியாததா, உங்கள் ஊர்தானே. கோளாறு வேறு என்றாலும் அடியில் நின்றிருந்தவர்கள் டாக்ஸியில் போன ஜனங்கள். லோடை வேறு ஆளுக்கு மாற்றிவிடுங்கள்.

நாமக்கல்_டீசல்
ஒன்று மட்டும். கீறல் தெரிந்தால் நம்மூர் ஆட்கள் யாராவது வெல்டிங் வைத்துத் தருகிறேன் என்று வருவார்கள். ஆக்ஸிலில் நெருப்பே காட்டக்கூடாது. சூடு பட்டால் ஃபோர்ஜிங் பலம் போய்விடும். கிங்பின்னையும் பாருங்கள்.

நிர்வாகி
ஓவர்லோடு விவாதத்தைத் தனி இழையில் தொடரவும். பாலா, வின் நம்பரை இங்கே முழுசாகப் போட வேண்டாம்.

பேஹெட்_பாலா
நம்பர் பட்டியலில் வருகிறது. கடிதம் பழைய ஓனருக்குப் போயிருக்கிறது. பார்ட் மாற்றும்வரை ஓட்டக்கூடாது என்று ஈமெயில் வந்துவிட்டது. வேலைக்குக் காசு கேட்க மாட்டார்களாம். லோடை மச்சான் வண்டிக்கு மாற்றியாச்சு. எல்லோருக்கும் நன்றி.

நாமக்கல்_டீசல்
கிங்பின் ஆட்டிப் பார்த்தீர்களா?

டோங்காட்_குமரன்
அண்ணா, இப்போதுதான் இந்த இழையைப் பார்த்தேன். எங்கள் யார்டில் ஐரோப்பா வண்டி மூன்று நிற்கிறது, மூன்றும் ஏலத்தில் எடுத்தது. என்ன பிராண்ட், எந்த வருஷம் என்று தனி மெசேஜிலாவது சொல்லுங்களேன். மச்சான் வண்டியும் அதே மாடல்தானா?