மிஸ்ஃபிட்ஸ் டிஷர்ட்டும் குடல் குழம்பும்

குழு: நம்ம வீடு

வசந்தா சித்தி: பிரபு, ஸ்டேட்டஸில் என்ன படம் அது? வெள்ளிக்கிழமையும் அதுவுமாக நெஞ்சில் மண்டை ஓடு!

நித்யா: அது மிஸ்ஃபிட்ஸ் என்ற அமெரிக்க ராக் குழுவின் டிஷர்ட், சித்தி. ஒரு பாட்டுகூடக் கேட்காதவர்கள்தான் அதிகம் போடுகிறார்கள்.

பிரபு: நான் கேட்டவன். இப்போதும் ‘வாக் அமங் அஸ்’தான் ஓடுகிறது. 1982 மார்ச்சில் வந்த அவர்களுடைய முதல் ஆல்பம்.

பெரியப்பா: பேய்ப் பாட்டு என்கிறார்களே?

பிரபு: பேய்ப் படம் பார்த்து வளர்ந்தவர்களின் பங்க் பாட்டு, பெரியப்பா. பங்க் என்றால் வேகமான, முரட்டு ராக். ஊர் நியூஜெர்சியில் லோடை. 1977-ல் கிளென் டான்சிக் ஆரம்பித்தார், அவர்தான் பாடகர். பாஸ் கிட்டார் ஜெர்ரி ஒன்லி, கிட்டார் அவர் தம்பி டாய்ல்.

நித்யா: அந்த மண்டை ஓடே 1946-ல் வந்த ஒரு தொடர்படத்தின் வில்லன் முகம். ஆல்பம் அட்டையைப் பாருங்கள். பறக்கும் தட்டு, எலியும் வௌவாலும் சிலந்தியும் கலந்த ஒரு ஜந்து, எல்லாம் பழைய படங்களிலிருந்து சுட்டவை 😄

முரளி மாமா: 77-ல் தொடங்கி 82-லா முதல் ஆல்பம்? நடுவில் என்ன செய்தார்கள்?

பிரபு: நல்ல கேள்வி மாமா. 1978-லேயே ஒரு முழு ஆல்பத்துக்குப் பதிவு செய்துவிட்டார்கள். டான்சிக்கின் சொந்த ரெக்கார்டு லேபிளுக்கு ‘பிளாங்க்’ என்று பெயர். மெர்க்குரி என்ற ரெக்கார்டு கம்பெனிக்கு அந்தப் பெயர் வேண்டியிருந்தது. விட்டுக்கொடுத்ததற்கு 30 மணி நேரம் ஸ்டுடியோ கொடுத்தார்கள்.

முரளி மாமா: பெயரைக் கொடுத்து ஸ்டுடியோவா! பிழைக்கத் தெரிந்த பையன்கள்.

பிரபு: எங்கே! அதை வெளியிட ஒரு கம்பெனியும் வரவில்லை. சில பாட்டுகளைத் தாங்களே சின்ன ரெக்கார்டாகப் போட்டார்கள். முழுசாக வந்தது 1990-களில்தான். அதனால் பிறகு பதிவு செய்தது முந்திக்கொண்டு ‘முதல் ஆல்பம்’ ஆகிவிட்டது.

முரளி மாமா: தம்பிக்கு முதலில் கல்யாணம் ஆன மாதிரி.

நித்யா: எனக்கு அந்த 78 பதிவுதான் பிடிக்கும். ‘வாக் அமங் அஸ்’ ஆல்பத்தில் ஒலி கொஞ்சம் கலங்கல். நடுவில் ஒரு பாட்டு மேடையில் பதிவானது, திடீரென்று சத்தமே மாறிவிடும்.

பிரபு: கலங்கலாக இருந்தால் என்ன? 13 பாட்டு, மொத்தம் 25 நிமிடம்கூட இல்லை. அத்தனை வேகத்திலும் டான்சிக் கத்தாமல் ராகமாகப் பாடுகிறார், கூடவே ‘ஓ ஓ’ என்று கோரஸ். ஒரு தடவை கேட்டால் வாயில் ஒட்டிக்கொள்ளும்.

வசந்தா சித்தி: கூகுளில் பார்த்தேன். முன்முடி மூக்குக்குக் கீழே தொங்குகிறது. நீ முடி வெட்டாததும் இதற்குத்தானா?

பிரபு: சித்தி 🙏

நித்யா: வார்த்தைகள் ரொம்ப ரத்தக்களரி. சின்னவன் பக்கத்தில் இருந்தால் ஹெட்ஃபோன் போட்டுக்கொள்.

பெரியப்பா: அப்படி என்னதான் பாடுகிறார்கள்?

பிரபு: கடைசிப் பாட்டு மட்டும் சொல்கிறேன். மூளை தின்னும் ஜாம்பிகள் சலித்துக்கொள்கிறார்கள்: வேளாவேளைக்கு மூளையேதானா, கொஞ்சம் குடல் போடக் கூடாதா என்று.

பெரியப்பா: குடல் குழம்பா? நம்ம ஆட்கள்தான்! லிங்க் அனுப்பு.

வசந்தா சித்தி: வெள்ளிக்கிழமை அண்ணா!!

பெரியப்பா: பாட்டுதானே கேட்டேன்.